கல்லுக்கு வழி திறக்கும் உறை: ஒரு மதிப்பீடு

கல்லிடைக்குறிச்சி என்றதும் அப்பளம் நினைவுக்கு வரும். வெயிலில் நின்று அப்பளம் உலர்த்துபவரும், வயலில் இறங்கி வேலை செய்பவரும் போதிய தண்ணீர் குடிக்காவிட்டால், பக்கத்தில் தாமிரபரணி ஓடியும் பயனில்லை. சிறுநீர் செறிவடைகிறது, அதிலுள்ள உப்புகள் படிந்து கல்லாகின்றன. அக்கல் கீழிறங்கி வழியில் சிக்கினால் விலாவில் வலி பொறுக்க முடியாது. பாளையங்கோட்டைக்குச் சிகிச்சைக்குப் போகிறவர் முதலில் கேட்பது இதுதான்: "ஒரே தடவையில் முடிந்துவிடுமா, டாக்டர்?" இக்கேள்வியை மனத்தில் கொண்டு ஒரு கருவியை எடைபோடுவோம்.

சிறுநீரகத்தையும் சிறுநீர்ப்பையையும் இணைப்பது சிறுநீர் நாளம். இதன் நீளம் 25 முதல் 30 செ.மீ.; உள்விட்டம் 3 அல்லது 4 மி.மீ. மட்டுமே. இதனுள் மெல்லிய அகநோக்கிக் குழலைச் செலுத்தி, லேசர் ஒளியால் கல்லைப் பொடியாக்கி எடுக்கிறார்கள். குழல் பலமுறை போய்வர வசதியாக நாளத்தினுள் முதலில் பொருத்தப்படும் வழுவழுப்பான உறைதான் 'ஆக்ஸஸ் ஷீத்' எனப்படுவது. வளையும் அகநோக்கியை உள்ளே செலுத்த இத்தகைய வழிகாட்டிக் குழாயை ஜப்பானிய மருத்துவர்களான தகாயாசுவும் அசோவும் 1974இல் விவரித்தனர்.

உறையின் முக்கிய நன்மை அழுத்தத்தைப் பற்றியது. பார்வை தெளிவாக இருக்க, குழல் வழியே நீரைப் பாய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். அந்நீர் வெளியேறாவிட்டால் சிறுநீரகத்தினுள் அழுத்தம் ஏறும். அது சுமார் 40 செ.மீ. நீர் உயரத்தைத் தாண்டினால், சிறுநீரும் அதிலுள்ள கிருமிகளும் இரத்தத்தில் புகலாம். கடுங்காய்ச்சல் உயிருக்கே ஆபத்தாகலாம். உறைக்கும் குழலுக்கும் இடையே உள்ள சந்து வழியாக நீர் வெளியேறுவதால் அழுத்தம் குறைகிறது.

இனி மறுபக்கத்தைக் காண்போம். வழக்கமான ஓர் உறையின் வெளிவிட்டம் 14 பிரெஞ்சு அளவு, அதாவது ஏறத்தாழ 4.7 மி.மீ. நாளமோ அதைவிடக் குறுகியது! பிரெஞ்சு மருத்துவர் டிராக்ஸரும் அவருடைய சகாவும் 359 நோயாளிகளிடம் உறையை வெளியே எடுக்கும்போதே நாளத்தின் சுவரைப் பார்த்து 2013இல் எழுதினர். நூற்றுக்கு 46.5 பேரிடம் காயம் இருந்தது, 13.3 பேரிடம் அது தசை அடுக்கு வரை சென்றிருந்தது. ஆழ்ந்த காயம் தழும்பாகி நாளம் சுருங்கக்கூடும்.

இதைக் கொண்டு உறையே கூடாது என்று தீர்ப்புச் சொல்லலாமா? அது சரியல்ல. அவ்வாய்வில் உறையின்றிச் சிகிச்சை பெற்ற ஒப்பீட்டுக் குழு இல்லை. பெரும்பாலான காயங்கள் மேலோட்டமானவை. 2,239 நோயாளிகளின் பன்னாட்டுப் பதிவேட்டை ஆராய்ந்து 2015இல் வெளிவந்த அறிக்கையில், உறை பயன்படுத்தியோரிடம் நாளச் சேதம் கூடுதலாக இல்லை. கிருமித் தொற்றும் குறைந்திருந்தது. ஆனால் கல் முழுவதும் நீங்கியோர் விகிதத்தில் வேறுபாடு இல்லை. யாருக்கு உறை என்பதை அங்கு மருத்துவரே தீர்மானித்ததால், இதையும் முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது.

ஆகவே உறையை எல்லோருக்கும் உரியதாகப் புகழ்வது தவறு. நாளத்தின் கீழ்ப்பகுதியில் உள்ள கல்லை அரைவிறைப்பான அகநோக்கியால் பெரும்பாலும் உறையின்றியே எடுத்துவிடலாம். நாளத்தின் மேற்பகுதியிலோ சிறுநீரகத்திலோ கல் இருந்து, நெடுநேர வேலை தேவைப்படும்போதே உறைக்கு மதிப்பு அதிகம்.

இப்போது நோயாளியின் கேள்விக்கு வருவோம். உறை எளிதாக ஏறாவிட்டால் பலவந்தமாகத் தள்ளக் கூடாது. 'ஸ்டென்ட்' எனும் மென்குழாயை வைத்துச் சில நாள் காத்திருந்தால் நாளம் விரிந்து கொடுக்கும். முன்கூட்டி ஸ்டென்ட் வைத்தவர்களிடம் கடுங்காயத்தின் அபாயம் ஏழில் ஒரு பங்காகக் குறைந்ததை 2013ஆம் ஆண்டு ஆய்வே காட்டிற்று. இரண்டாம் பயணம் என்றால் பஸ் செலவு உண்டு, கூலியும் போகும், உண்மைதான். ஆனால் சுருங்கிய நாளத்துக்குச் செய்யவேண்டிய வைத்தியம் அதைவிடப் பன்மடங்கு. ஒன்றை மட்டும் மறக்கலாகாது: வைத்த ஸ்டென்ட்டைக் குறித்த தேதியில் எடுத்துவிட வேண்டும். மறந்தால் அதன்மேலேயே கல் படியும்.

"இன்று போதும், இன்னொரு நாள் வாருங்கள்" என்று டாக்டர் சொன்னால் அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம். அதுவும் சிகிச்சையே.