கலப்பினம் என்று டிக் அடிப்பதற்கு முன்

கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூர் பாலாற்று முகத்துவாரத்தில் ஒரு சாம்பல் கொக்கு. தொண்டை வெள்ளை, அலகு மெலிசு, கிட்டத்தட்டக் கறுப்பு. ஈபேர்டில் 'சின்னக் கொக்கு, கரைக் கொக்கு கலப்பினம்' என்று பதிவு போட்டேன். போன வாரம் அதை மாற்றிவிட்டேன். ஏன் என்று சொல்ல ஒரு பழைய புத்தகத்தோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும்.

ஹான்காக், குஷ்லன் இருவரும் எழுதிய 'தி ஹெரான்ஸ் ஹேண்ட்புக்' (1984) நல்ல புத்தகம். கொக்குகளைப் பற்றிப் படிக்க ஆரம்பிப்பவருக்கு இன்றும் அதைத்தான் சொல்வேன். ஆனா அது கரைக் கொக்கைத் தனி இனமாக ஏற்கவில்லை, சின்னக் கொக்கின் துணையினமாக்கிவிட்டது. இரண்டும் இணை சேர்கின்றன என்பது இந்தக் கட்சிக்கு எப்போதும் கைகொடுக்கும் வாதம். எர்ன்ஸ்ட் மயர் 1942-இல் சொன்ன வரையறைப்படி, தங்களுக்குள் இனப்பெருக்கம் செய்பவை ஒரே இனம். கணக்கு முடிந்தது!

முடியவில்லை. எந்த இடத்தில் இணை சேர்ந்தன என்று கேட்க வேண்டாமா? ஸ்பெயினில் கலப்பு ஜோடிகள் பதிவாகியிருக்கின்றன. அங்கே கரைக் கொக்கு வழி தவறி வரும் அபூர்வ விருந்தாளி. சுற்றிலும் சின்னக் கொக்குகள். சொந்த இனத்தில் துணை கிடைக்காத பறவை யாரோடு சேர்ந்தது என்பதை வைத்து இன எல்லை போடுவது சரியில்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வாழும் நம் கடற்கரைகளில் என்ன நடக்கிறது என்பதுதான் சோதனை. இங்கே இரண்டும் கரைந்து ஒன்றாகிவிடவில்லை. ஒன்று உப்புத் தண்ணீரை விட்டு அதிகம் நகர்வதில்லை. மற்றது ஏரி, வயல், வேடந்தாங்கல் என்று உள்நாடெங்கும் இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. கரைக் கொக்கில் வெள்ளை நிறத்தவையும் உண்டு. குஜராத்தின் பாவ்நகரில் நாயக், பராஷர்யா முதலானோர் 1980-களின் தொடக்கத்தில் எழுதியதைப் பாருங்க: சாம்பலும் வெள்ளையும் ஜோடி சேர்கின்றன, இனத்துக்குள்ளேயே. அப்படியானால் ஒரு சாம்பல் பறவையும் ஒரு வெள்ளைப் பறவையும் ஒரே கூட்டில் இருந்தால், நிறத்தை மட்டும் பார்ப்பவர் 'கலப்பு ஜோடி' என்று எழுதிவிடுவார். அலகின் தடிமன், காலில் மஞ்சள் எதுவரை ஏறியிருக்கிறது என்ற குறிப்பு இல்லாத பதிவை நான் இனி சாட்சியாக எடுக்கப்போவதில்லை.

என் பதிவையும் சேர்த்துத்தான். அரிதாகச் சின்னக் கொக்கிலும் சாம்பல் பறவைகள் உண்டு. இடைநிறக் கரைக் கொக்குகளும் உண்டு. கலப்பினம் மூன்றாவது சாத்தியம். நான் அதை முதலில் பிடித்துக்கொண்டேன், சுவாரசியமாக இருந்ததால். இப்போது பதிவு 'இரண்டில் ஒன்று' என்று இருக்கிறது. பாதம் சொல்லியிருக்கும். என் நான்கு படங்களிலும் அது முழங்கால் வரை தண்ணீரில் நிற்கிறது.