நடுக்கத்தின் கணக்கு

ஃபோர்டு மாடல் டி காரின் கால் பிரேக்கில் முதல் விநோதமே அது சக்கரத்தில் இல்லாததுதான். 1908 முதல் 1927 வரை தயாரான அந்தக் காரில் மூன்று பெடல்கள். வலதுகோடிப் பெடலை மிதித்தால், கியர்பெட்டிக்குள் சுழலும் டிரம்மை ஓர் எஃகுப் பட்டை சுற்றி இறுக்கும். பட்டையின் உட்புறம் பருத்தி நெசவு லைனிங். எல்லாம் எஞ்சின் எண்ணெயிலேயே நனைந்தபடி வேலை செய்யும். அந்தப் பிடி நீண்ட தண்டு வழியாகப் பின்சக்கரங்களுக்குப் போய்ச் சேரும். அதனால் பட்டை நடுங்கினால் தண்டு முறுகித் தளர, வண்டி முழுவதும் வெடவெடக்கும்.

அந்த வெடவெடப்பு தன் ஊரைத் தானே சொல்லிவிடும் என்பதுதான் ரசிக்க வேண்டிய இடம். பின்அச்சில் பற்சக்கரங்களின் விகிதம் 40க்கு 11. சக்கரம் ஒரு முறை சுற்றுவதற்குள் பிரேக் டிரம் 3.64 முறை சுற்றிவிடும். 30 அங்குல டயர் ஒரு சுற்றில் சுமார் 2.4 மீட்டர் உருளும். வண்டியை மெல்ல உருளவிட்டுப் பெடலை மிதிக்கலாம். ஏறக்குறைய 2.4 மீட்டருக்கு ஒரு குலுக்கல் என்றால் சக்கரமோ அச்சோ கோணல். சுமார் 66 சென்டிமீட்டருக்கு ஒன்று என்றால் டிரம் வட்டம் தவறியிருக்கிறது. எந்தச் சுற்றோடும் சேராமல் படபடவென்று அடித்தால் குற்றவாளி லைனிங். மற்ற இரு பெடல்களும் அதேபோல் நடுங்கினால் மூன்று பட்டைகளுக்கும் பொதுவான எண்ணெயைச் சந்தேகிக்கலாம்.

லைனிங் ஏன் படபடக்கிறது? தேய்ந்து மெருகேறிய பருத்தி எண்ணெயை உறிஞ்சாது. நின்றால் இறுகப் பிடிக்கும், நழுவினால் பிடி தளரும். பிடிப்பதும் விடுவதும் நொடிக்குப் பலமுறை. வயலின் தந்தியில் வில் செய்வதும் இதே வேலைதான். அங்கே நாதம், இங்கே நடுக்கம்.

வைத்தியமும் நுட்பமானது. புது லைனிங்கை எண்ணெயில் நன்றாக ஊறவைக்க வேண்டும். ரிவெட் தலைகள் லைனிங்கின் மட்டத்துக்குக் கீழே அமிழ்ந்திருக்க வேண்டும். இல்லையேல் டிரம்மைக் கீறிவிடும். பட்டை நசுங்காமல் டிரம்மின் வட்டத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். கழற்றிய நட்டு கியர்பெட்டிக்குள் விழாதிருக்க, கைதேர்ந்தவர்கள் அடியில் துணியைத் திணித்துக்கொள்வார்கள். கடைசியில் பட்டையை இறுக்கும் நட்டை முறுக்கும்போதுதான் நிதானம் தேவை. நடுக்கம் போகட்டும் என்று ஒரு சுற்று கூடுதலாக இறுக்கினால், பெடலை விட்ட பிறகும் பட்டை டிரம்மில் உரசிக்கொண்டே இருக்கும். லைனிங் சூடேறி மறுபடியும் மெருகேறும். பெடலை விட்டதும் டிரம் தாராளமாகச் சுழல வேண்டும். அதுவரை தளர்த்தி வைப்பதே சரியான இறுக்கம்.