சதுர வாஷரின் முறுக்கு

பிரேக்கை மிதித்தால் கேலிபரின் பிஸ்டனை முன்னே தள்ளுவது பிரேக் ஆயில். காலை எடுத்ததும் அதைப் பின்னுக்கு இழுப்பது எது? ஸ்பிரிங் எதுவும் கிடையாது. சதுர வெட்டுள்ள ரப்பர் வாஷர் ஒன்று காடிக்குள் உட்கார்ந்து பிஸ்டனைக் கவ்வியிருக்கிறது. பிஸ்டன் நகர்ந்தால் அதுவும் கூடவே முறுகும். அழுத்தம் போனதும் நிமிர்ந்து பிஸ்டனை மயிரிழை அளவு இழுத்துக்கொள்ளும். பேட் தேயத் தேய, பிஸ்டன் அதில் வழுக்கி முன்னேறி இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும். ஆயில் வெளியேறாமல் அடைப்பதும் இதே வாஷர்தான். இவ்வளவையும் ஒரு ரப்பர் துண்டிடம் ஒப்படைத்த மூளையை எத்தனை மெச்சினாலும் தகும்.

 

இந்த வாஷருக்கு உரிய மரியாதையைப் புதுக்கோட்டைப் பட்டறை ஒன்றில் பார்த்தேன். கடலோரக் கோட்டைப்பட்டினம் பக்கம் நின்ற கார் ஒன்று அங்கே வந்திருந்தது. முன்சக்கரத்தின் உள்பக்கம் ஈரம்; ஆயில் வழிந்த இடமெல்லாம் பெயின்ட் உரிந்திருந்தது. டஸ்ட் கவர் கிழிந்து, உப்புக்காற்று உள்ளே போயிருக்கிறது.

மேஸ்திரி கேலிபர் வாய்க்குள் மரக்கட்டையை வைத்து, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிஸ்டனை வெளியே எடுத்தார். துடைத்துவிட்டுக் கட்டைவிரல் நகத்தால் மெல்ல வருடினார். குரோம் பூச்சில் துருப்புள்ளிகள்.

“நகம் தட்டுது தம்பி. புது வாஷர் மட்டும் போட்டா இந்தப் புள்ளியே அதை அறுத்துரும். பிஸ்டனையும் மாத்திருவோம்.”

எமரி பேப்பரால் தேய்த்து மினுக்கிக் கொடுத்திருந்தாலும் வண்டிக்காரருக்குத் தெரிந்திருக்காது. பூச்சு போன பிஸ்டன் மறுபடி துருப்பிடிக்கும் என்று மேஸ்திரிக்குத் தெரியும். அந்த நகத்துக்காகவே நான் அவர் ரசிகன்.

அதிக நேரம் பிடித்தது காடிதான். அதற்குள் துரு படிந்திருந்தால் புது வாஷர் மேலே தூக்கிக்கொள்ளும், பிஸ்டனை இறுக்கும். மூங்கில் சீவலால் சுரண்டினார், இரும்பு படவிடவில்லை. கழுவப் பெட்ரோலைத் தொடவில்லை. அது பட்டால் இந்த ரப்பர் ஊதிப்போகும். புது பிரேக் ஆயிலிலேயே கழுவி, வாஷரையும் அதிலேயே நனைத்து, முறுக்கில்லாமல் காடியில் உட்காரவைத்தார். பிஸ்டனை இரண்டு கட்டைவிரலால் நேராக அழுத்தினார். சற்றுச் சாய்ந்தது. பலவந்தமாக அமுக்கவில்லை, வெளியே எடுத்து மறுபடி வைத்தார். இந்தமுறை வழுக்கி இறங்கியது.

பிறகு ஏர் எடுத்தார்கள். “மிதி... மிதி... புடி!” உள்ளே பையன் பெடலைப் பிடித்திருக்க, இவர் நிப்பிளைத் திறந்தார். குமிழ் நின்று ஆயில் மட்டும் வரும்வரை விடவில்லை.

ஆயில் விஷயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். ஏறத்தாழ 1,100 கிலோ காரை மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து நிறுத்தும்போது பிறக்கும் வெப்பம், ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். டாட் 4 ஆயிலின் கொதிநிலை, புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி. ஈரம் குடித்த பிறகு 155 வரை இறங்கலாம். உள்ளே ஆவி கட்டினால் பெடல் பஞ்சாகும். துருவுக்கும் அந்த ஈரம் துணைபோகும். அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார். பெரிய டப்பா மலிவு என்று யார் சொன்னாலும் சின்ன டப்பாதான் வாங்குகிறார். திறந்து மிச்சம் வைத்ததை அடுத்த வண்டிக்கு ஊற்றுவதில்லை.