முப்பரிமாணப் படத்தரவுகளும் கணினித் தேவையும்: ஒரு மதிப்பீடு

முப்பரிமாணப் படத்தரவு என்பது ஒரு பொருளின் குறுக்குவெட்டுப் படங்களை வரிசையாக அடுக்கிய தொகுப்பு. மருத்துவமனையில் எடுக்கும் சி.டி. ஸ்கேன் இதன் எளிய வடிவம். சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ‘தரணி’ இதன் பெரிய வடிவம். கருவிலுள்ள சிசுவின் மூளையைக் காட்டும் 5,132 வெட்டுப்படங்கள் அதில் உள்ளன. இத்தகைய தொகுப்புகள் பல இன்று ‘யாவருக்கும் திறந்தவை’ என்று அறிவிக்கப்படுகின்றன. அந்த அறிவிப்பு எந்தக் கணினி வரை உண்மை என்பது ஆராயத்தக்கது.

அளவும் நினைவகமும்

ஒரு பக்கத்துக்கு 512 புள்ளிகள், புள்ளிக்கு 2 பைட் எனக் கொண்டால் ஒரு கனசதுரத் தொகுப்பு 256 எம்பி ஆகும். பக்கத்துக்கு 2,048 புள்ளிகள் கொண்ட நுண் சி.டி. தொகுப்பு 16 ஜிபி ஆகும். பக்கம் 4 மடங்கு வளர, கொள்ளளவு 64 மடங்கு வளர்கிறது. ‘3டி ஸ்லைசர்’ என்னும் இலவச மென்பொருளின் வழிகாட்டி, ஏற்றும் தரவைப்போல் 10 மடங்கு ரேம் வேண்டும் என்கிறது. முதல் தொகுப்புக்கு 2.5 ஜிபி போதும். இரண்டாவதற்கு 160 ஜிபி வேண்டும்.

மென்பொருள் வேலையின்போது தரவின் பல படிகளை வைத்துக்கொள்வதால் இவ்விதி நியாயமானதே. தரவைச் சுருக்கும் வசதி அம்மென்பொருளிலேயே உண்டு. எனினும் சுருக்குவதற்கு முன் பொதுவாக முழுத் தரவையும் ஏற்ற வேண்டும். 4 ஜிபி மடிக்கணினி அங்கேயே நின்றுவிடும்.

உலாவி வழி

கூகுளின் ‘நியூரோகிளான்சர்’ வேறு வழியைக் காட்டுகிறது. ஒரு கன மில்லிமீட்டர் மனித மூளைத் திசுவின் 1.4 பெட்டாபைட் தரவு, இணைய வரைபடம்போலச் சிறு துண்டுகளாக உலாவியில் திறக்கிறது. பார்க்கும் பகுதி மட்டுமே இறங்குவதால் பெரிய ரேம் தேவையில்லை. சுமை இணைய இணைப்பின் மீது விழுகிறது.

பார்ப்பதற்கு இது போதும். அளந்து ஆராய்வதற்குப் பெரும்பாலும் தரவு கைக்கு வர வேண்டும். மதுரை மாவட்டம் எழுமலையில், நாளுக்கு 1.5 ஜிபி தரும் கைபேசி இணைப்பை நம்பிப் படிக்கும் ஒரு மாணவருக்கு 16 ஜிபி இறக்க 11 நாள் ஒதுக்கீடு செலவாகும். இறக்கிய பின்னும் அவரது கணினியில் அது திறக்காது.

மதிப்பீடு

ஆகவே சுருக்கும் வேலை வெளியிடுவோரைச் சேர்ந்தது. பக்கத்தைக் கால்பங்காகக் குறைத்த 256 எம்பி நகல் ஒன்றை மூலத்தோடு வைத்து, ஒவ்வொன்றுக்கும் தேவையான ரேமையும் குறிப்பிடுவது கடினமன்று. உயிரணு அளவு நுணுக்கம் அந்நகலில் இராது. உறுப்பின் வடிவம் இருக்கும். கற்கத் தொடங்குபவருக்கு அது போதும். அதைச் செய்யாத தரவு, உரிமத்தில் மட்டுமே திறந்தது.