வினைச்சொல்லின் அவயவங்கள்

சுண்ணாம்புக்குளத்தில், பழவேற்காட்டு ஏரியை நோக்கி நிற்கும் ஒருவர், தோணியிலிருந்து கரையிறங்குவோரைக் கண்டு ‘வந்தனர்’ என்று ஏட்டுத் தமிழில் சொல்லிப் பார்ப்பாரானால், 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்துவைத்த ஆறு உறுப்புகளும் அந்தச் சிறிய சொல்லுக்குள் ஒன்று குறையாமல் அடங்கியிருப்பதைக் காணலாம். வா என்பது பகுதி; அதன்பின் வந்த தகர ஒற்று சந்தி; வா என்பது வ எனக் குறுகியதும், அச்சந்தி நகர ஒற்றாய்த் திரிந்ததும் விகாரம்; அடுத்த தகர ஒற்று இறந்தகாலங் காட்டும் இடைநிலை; அன் சாரியை; அர் பலர்பால் விகுதி.

அதே சொல்லை அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகை வழிநின்று செவியிடம் ஒப்படைத்தாலோ, பிளவு வேறிடத்தில் விழுகிறது: வந் நேரசை, தனர் நிரையசை, வாய்பாடு கூவிளம். இடைநிலையும் சாரியையும் விகுதியும் ஒரே அசைக்குள் நெருங்கியமர்ந்துவிடுகின்றன. அதிலும் விசேஷம், சாரியையின் னகர ஒற்று தனக்கு முன்னிருந்த அகரத்தை விட்டுப் பிரிந்து, விகுதியின் அகரத்தோடு கூடி ‘னர்’ என்று ஒலிப்பது. பொருளை நாடும் பிரிப்பும் ஓசையை நாடும் பிரிப்பும் இவ்வாறு விலகும் இடத்தில்தான் இந்த சாஸ்திரத்தின் ரஸம் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். மதிப்பெண்ணுக்காகப் பிரித்தெழுதும் பிள்ளைகளுக்கு, பாவம், அது கிட்டுவதில்லை.

பிரெஞ்சு மொழியிலும் இந்த விநோதம் உண்டு. ‘முடிக்கிறோம்’ என்று பொருள்படும் ‘ஃபினிஸோன்’ என்னும் வினை, நாவில் ஃபி, னி, ஸோன் என்று இசைக்கும். இலக்கணத்திலோ ஃபின் பகுதி, ஓன் தன்மைப் பன்மை விகுதி, இடையில் நிற்பது இஸ். இலத்தீனில் ஒரு செயலின் தொடக்கத்தைக் குறித்த ஒட்டின் வழிவந்த அந்த இஸ், பிரெஞ்சில் அப்பொருளை இழந்தும் இடத்தை இழக்காமல் நிற்பதைப் பார்க்கையில், நம் சாரியைக்கு அயல்நாட்டு உறவினர் என்றே அதைச் சொல்லத் தோன்றுகிறது.

கரையோரப் பேச்சு சாரியையைப் பொருட்படுத்துவதில்லை. ‘வந்தாங்க’ என்னும்போது அது மறைந்து, வந், தாங், க என மூன்று நேரசையாய்ச் சொல் தேமாங்காயாக நீள்கிறது. இன்னும் சிக்கனமானது ‘பாடு’: இவ்வேரி மீனவர் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டின் பெயர். படு என்னும் பகுதி முதலெழுத்து நீண்ட மாத்திரத்தில் பெயராகிவிட்டது; இலக்கணிகள் இவ்வகையை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பர். விகுதியுமில்லை, சாரியையுமில்லை, பகுதியையும் விகாரத்தையும் காட்டிவிட்டால் பிரிக்க வந்தவரின் வேலை முடிந்தது.