துத்தநாகச் சுரங்கமும் ஹுவாரெஸின் படமும்

பல்வேறு பண்பாட்டினர் கூடித் தொழில் செய்யுமிடத்தில் ஒருவர் பண்பாட்டை மற்றவர் மதித்தல் வேண்டும் என்பது இன்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கூற்றாகிவிட்டது. பெருநிறுவனங்களின் ஆண்டறிக்கைகளும் அதனை வற்புறுத்துகின்றன. பண்டிகை நாள்களில் பலவகை உணவும் உடையும் பாராட்டப்படுகின்றன. ஆயின், அம்மதிப்புச் சம்பளப் பட்டியலிலும் காணப்படுகின்றதா என வினவுவோர் சிலரே. அவ்வினாவைக் கலையாக்கிய திரைப்படமொன்று 1954 இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ‘பூமியின் உப்பு’ என்று பொருள்படும் ‘சால்ட் ஒவ் த ஏர்த்’ என்பது அதன் பெயர்.

நியூ மெக்சிக்கோவில் எம்பயர் சிங்க் கம்பனியின் துத்தநாகச் சுரங்கத் தொழிலாளர் 1950 ஒக்டோபரில் தொடங்கி 1952 ஜனவரி வரை நடத்திய வேலைநிறுத்தமே இதன் கதைக்கரு. தொழிலாளருட் பெரும்பாலோர் மெக்சிக்க வழித்தோன்றல்கள். கதாநாயகி எஸ்பெரான்சாவின் குரலிலேயே கதை நகர்கிறது. தன் ஊரின் பழைய பெயர் சான் மார்க்கோஸ் என்றும், வந்தவர்கள் அதனைச் ‘சிங்க் டவுன்’ என மாற்றினர் என்றும் அவள் தொடக்கத்திலேயே கூறுகிறாள். நிலத்தைக் கைப்பற்றியவர்கள் பெயரையும் கைப்பற்றினர். பண்பாட்டு அவமதிப்பு பொருளாதார அபகரிப்பின் மறுபக்கம் என்பதனை இதனினும் சுருக்கமாகக் கூறல் அரிது.

வெள்ளைத் தொழிலாளர் இருவர் இருவராய் வெடி வைக்கின்றனர். மெக்சிக்கரோ தனித்தே வைத்தல் வேண்டும். முன்னவர் வீடுகளில் குழாய் நீர் உண்டு. பின்னவர் மனைவியர் விறகு வெட்டி நீர் காய்ச்சுகின்றனர். இவ்வேற்றுமை மேற்பார்வையாளரின் தனிப்பட்ட வெறுப்பினால் விளைந்ததன்று. ஒரு சாராரின் உயிர் மலிவாகக் கணிக்கப்படும்போது இரு சாராரின் உழைப்பும் மலிவாகிறது. இலாபம் கம்பனிக்கே. ஆதலின், நல்லெண்ணப் போதனை மட்டும் இதற்கு மருந்தாகாது.

ஆனால், வர்க்க ஒற்றுமை ஏற்பட்டால் பண்பாட்டுப் பிரச்சினை தானே தீர்ந்துவிடும் என்போருக்கும் இப்படம் விடை கூறுகிறது. தொழிலாளர் பக்கம் நிற்கும் வெள்ளையரான சங்க அமைப்பாளர், ஒரு வீட்டுச் சுவரிலுள்ள பெனிற்றோ ஹுவாரெஸின் படத்தை யாரென அறியாது நிற்கிறார். ஜோர்ஜ் வாஷிங்டனை நாங்கள் அறியாதிருந்தால் எங்களை எவ்வாறு மதிப்பீர்கள் என்ற கருத்துப்பட வீட்டுக்காரன் ரமோன் அவரை மடக்குகிறான். தோழமை உண்மையானதே, எனினும் தோழனின் வரலாற்றை அறியாத தோழமை குறையுடையது. முற்போக்காளர் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ள வேண்டிய இடம் இது.

அந்த ரமோனே தன் மனைவியின் குரலைச் செவிமடுக்க மறுக்கிறான். வெந்நீர் வசதி வேண்டுமென்ற பெண்களின் கோரிக்கையை ஆடவர் ஒதுக்கிவிடுகின்றனர். பின்னர் தொழிலாளர் மறியல் செய்யலாகாதென நீதிமன்றம் தடைவிதித்தபோது, கம்பனியின் ஊழியரல்லாத பெண்கள் மறியலிற் குதிக்கின்றனர். ஆடவர் வீட்டில் விறகு வெட்டித் துணி துவைத்த பின்னரே வெந்நீரின் அருமை அவர்களுக்குப் புலனாகிறது. தமக்கு மறுக்கப்பட்ட மதிப்பைப் பிறருக்குத் தாம் மறுப்போர் முழு வெற்றி காணார் என்பது இங்கு பிரசங்கமின்றி உணர்த்தப்படுகிறது.

படம் உருவான முறையும் கருதத்தக்கது. நெறியாளர் ஹேர்பேர்ட் பீபர்மன் ஹொலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் இடம்பெற்றுச் சிறை சென்றவர். மைக்கேல் வில்சன் எழுதிய திரைக்கதையைச் சுரங்கத் தொழிலாளரும் குடும்பத்தினரும் படித்து விவாதித்தனர். மெக்சிக்கரைக் குடியராகவும் ஒழுக்கமற்றோராகவும் காட்டும் வழக்கத்துக்குத் துணைபோகும் பகுதிகளை அவர்கள் மறுத்தனர்; அவை நீக்கப்பட்டன. ரமோனாக நடித்த ஹுவான் சக்கோன் அச்சங்கக் கிளையின் தலைவரே. எஸ்பெரான்சாவாக நடித்த மெக்சிக்க நடிகை றொசவுரா ரெவுவெல்தாஸ் படப்பிடிப்பு முடியுமுன்னரே கைதாகித் தாயகம் திரும்ப நேர்ந்தது. வெளியானபோது மிகச் சில அரங்குகளே படத்தைத் திரையிட்டன. 1992 இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அது சேர்க்கப்பட்டது. ஒடுக்கியபின் போற்றுவதும் ஆளுவோர் அறிந்த கலையே.

குறைகளும் உள. கம்பனியாரும் காவலரும் அச்சில் வார்த்த பாத்திரங்களாகவே நிற்கின்றனர். வெள்ளைத் தொழிலாளரின் மனமாற்றம் போதிய அளவு சித்திரிக்கப்படவில்லை. பிரிவினையால் அவர்களும் இழந்தது யாதென்பதைப் படம் ஆழமாக ஆராய்ந்திருக்கலாம். எனினும், மக்களைப் பற்றிய கலையை மக்களோடு கூடியே ஆக்கலாம் என நிறுவியமையால் இப்படம் இக்குறைகளைக் கடந்து நிற்கிறது.

வேலைத்தலத்தில் பன்மைப் பண்பாடு போற்றப்படுகிறது என்று எவரேனும் கூறின், நாம் கேட்க வேண்டியவை மூன்று: ஆபத்தான வேலை யாருக்கு ஒதுக்கப்படுகிறது? தீர்மானம் எழுதப்படுமுன் யார் அதனைப் படிக்கின்றனர்? யாருடைய கோரிக்கை பட்டியலின் அடியில் விடப்படுகிறது? இவற்றுக்கு நேர்மையான விடை கிடைக்கும்வரை பண்டிகை விருந்தை நாம் சமத்துவமென்று கொள்ளுதல் ஆகாது.