விட்டுப் பிடிக்கும் கயிறு

சியாட்டில் நகரின் பலார்டு லாக் 1917-இல் திறக்கப்பட்டது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே படகுகளை ஏற்றி இறக்க, பெரியதும் சிறியதுமாகக் கதவுகளுக்கு இடையில் இரு நீர்த்தொட்டிகள். அவற்றில் நீர்மட்டத்தை ஏற்றி இறக்க பம்பு எதுவும் இல்லை; மேட்டுநீர் பள்ளம் நோக்கிப் பாய்வதே போதும்.

ரசிக்க வேண்டியது படகுக்காரர்களை. பெரிய தொட்டியில் நெருக்கடி என்றால், முன்பின் தெரியாதவரின் படகோடு தம் படகைச் சேர்த்துக் கட்டுவார்கள். ஒருவர் கயிறு வீச, மற்றவர் பிடிப்பார். உரசாமலிருக்க இருபுறமும் ஃபெண்டர்கள் எனும் மோதல்தாங்கிகள் தொங்கும். நீர் இறங்க இறங்க, சுவரோரம் இருப்பவர் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க வேண்டும். இறுக முடிச்சிட்டால் படகு கயிற்றில் தொங்கிவிடும். அவருடைய கவனமே பக்கத்துப் படகுக்கும் காவல்.

சியாட்டில் போனால் கரையில் நின்று பாருங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.